ஒரு தோள்

“பெட்டி ரொம்பக் கனமாடா?”

“கனம்தான். அதுக்காக உங்கிட்ட குடுத்துடுவேனா? சிப்பாய் பெட்டிய அக்கா தூக்கிட்டு வந்தா பஸ்ல இருக்கிறவன் எல்லாம் சிரிப்பான்.”

“தூக்குறேன்னு நான் சொன்னேனா?”

“வாய் சொல்லல. கை சும்மா இல்லையே!”

போன விடுமுறை முடிந்து கிளம்பிய காலையில் தம்பி அப்படித்தான் கேலி செய்தான். பேருந்து நிறுத்தம் வரை அந்த இரும்புப் பெட்டியைத் தானே சுமந்துபோய் அவனை வழியனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஆசை. கிடங்கில் நாளெல்லாம் அரிசி மூட்டை சுமக்கிறவளுக்கு அது ஒரு பாரமா? ஆனாலும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இன்று கொடி போர்த்திய பெட்டிக்குள் அவன் வந்திருந்தான். கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கி இடம் செய்திருந்தார்கள். அப்பா கொடியின் ஓரத்தை நீவிவிட்டபடியே இருந்தார்.

கிடங்கு மேஸ்திரி அவளருகில் வந்து நின்றார். “இன்னிக்குக் கிடங்குக்கு லீவு விட்டுட்டேன்மா.”

பத்து நிமிடம் தாமதமானாலே அரைநாள் கூலியைப் பிடிக்கிறவர். அவள் நிமிர்ந்து பார்த்ததும், “உன் தம்பிக்காக” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

ஊன்றுகோலோடு வந்த சிப்பாய் ஒருவன் அவளைத் தேடி வந்தான். இடது காலில் கட்டு.

“நீங்கதானே மூட்டை தூக்குற அக்கா?”

“ஆமா தம்பி.”

“நானும் உங்க தம்பி தூக்கின மூட்டைதான். குண்டு விழுந்துட்டே இருக்கு, என்னால அசைய முடியல. பக்கத்துல வந்து குந்தினான். ‘உடம்ப விறைக்காதே, தளர்ந்து கிட. பிடரியில ஏறிட்டா பாதி கனம் குறைஞ்சிரும்னு எங்கக்கா சொல்லும்’னான். இடுப்ப வளைக்காம முட்டியால எழுந்தான்.”

பள்ளிக்கூட வயதில் கிடங்குக்கு வந்து, வீம்புக்கு மூட்டையைத் தூக்கப்போய்க் குப்புற விழுந்தவன். ‘இடுப்பால தூக்காதே, முட்டியால எழுந்திரு’ என்று முதுகில் ஒன்று வைத்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

“வழியெல்லாம் திட்டியிருப்பானே?”

“திட்டாம? ‘எங்கக்கா தூக்குற மூட்டை உன்ன மாதிரி முனகாது’ன்னான்.”

அவள் சிரித்துவிட்டாள். சிப்பாயும் சிரித்தான். பிறகு அவன் குரல் இறங்கியது.

“என்னைப் பதுங்குகுழியில இறக்கிட்டுத் திரும்பிப் போனான். இன்னொருத்தரையும் தூக்கிட்டு வந்தான். அவர உள்ள தள்ளிட்டான், அவர் பொழச்சுட்டார். இவன் உள்ள வர்றதுக்குள்ள...”

அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

வெளியே ராணுவ அதிகாரியின் கட்டளை ஒலித்தது. ஆறு சிப்பாய்கள் பெட்டியின் இருபுறமும் வந்து நின்றார்கள். அவள் உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த சுமைத்துண்டை எடுத்து நான்காக மடித்து வலது தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“எங்கம்மா போற?” சித்தப்பா தடுத்தார். “அதான் அத்தனை பேர் இருக்காங்களே. நீ பின்னாடி வா.”

“இருங்க சித்தப்பா.”

அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். கிடங்கில் சுமையேற்றும் முன் நிற்பதுபோலவே, கால்களைச் சற்று அகட்டி, முதுகை நிமிர்த்தி நின்றாள்.

“ஐயா, இவன் பெட்டிய ஒரு தடவகூட என்னைத் தூக்க விட்டதில்ல. நானும் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்குறேன். முன்னால ஒரு தோள் எனக்குக் குடுங்க.”