டாக் கீரைக்கு வேலி

மவ்ரீன் பாராக்ளஃப் எங்கள் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டுகிறவள். ஏப்ரல் வந்தால் விடுப்பு எடுத்துவிடுவாள். ஊர் சுற்ற அல்ல, கீரை பறிக்க. தேவாலயத்துக்குப் பின்னால் ஆற்றோரப் புல்வெளியில் டாக் கீரை தழைத்துக் கிடக்கும். அதோடு காஞ்சொறிக் கொழுந்து, வெங்காயம், ஓட்ஸ் சேர்த்துக் கரும்பச்சைக் களியாக வேகவைத்து, மறுநாள் பன்றிக்கொழுப்பில் வறுத்தெடுத்தால் அதுதான் டாக் புட்டிங். யார்க்‌ஷயரிலேயே எங்கள் பள்ளத்தாக்கைத் தாண்டினால் அதைத் தின்ன ஆள் கிடைப்பது அரிது.

அந்தப் புல்வெளியை மேட்டிலிருந்த வீட்டோடு சேர்த்து ஹாதர்லி என்ற லண்டன்காரர் வாங்கினார். வாங்கியதும் கேட்டைப் பூட்டினார். ஒருநாள் ஊர் பப்பில் மவ்ரீனின் தட்டிலிருந்த புட்டிங்கை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, மாடு போட்ட மாதிரி இருக்கு?"

மவ்ரீன் மெல்வதை நிறுத்தவில்லை. "பாத்ததுமே சொல்லிட்டீங்களே. அதையும் தின்னு பழக்கமா?"

பப்பே சிரித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"களைக்கு இவ்வளவு பெருமையா? திங்கக்கிழமை மருந்தடிக்க ஆள் வருது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் புல்தரை போடப்போறேன்."

சனிக்கிழமை காலை மவ்ரீன் ஒரு சாக்கோடு சுவரேறிக் குதித்தாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் பின்னாலேயே ஏறினேன். ஹாதர்லி போலீசைக் கூப்பிட்டார். வந்தவன் டேல். பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் மவ்ரீனின் பஸ்ஸில் போனவன்.

"மிஸஸ் பாராக்ளஃப், எனக்கு ஏங்க இந்தச் சோதனை?"

"கீரை பறிச்சா ஜெயிலா, கண்ணு?"

"தானா முளைச்சதை வீட்டுச் சமையலுக்குப் பறிச்சா திருட்டு இல்ல. ஆனா இடம் அவரோடது. போகச் சொன்னா போகணும்."

"போங்க" என்றார் ஹாதர்லி.

"போறேன். முட்டி வலிங்க, மெதுவாத்தான் போவேன்."

ஏறி வந்த சுவர் பக்கத்திலேயே இருந்தது. அவளோ ஆற்றோரமாகச் சுற்றி, குனிந்து குனிந்து கைக்கு எட்டியதையெல்லாம் கிள்ளிக்கொண்டே போனாள். டேல் வானத்தைப் பார்த்தபடி நின்றான். சாக்கு நிறைந்த பிறகுதான் அவள் வெளியே வந்தாள்.

வீட்டில் சாக்கைத் தரையில் போட்டவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோட சரி, ஜீன். மருந்தடிச்சா வேரோட போயிடும்."

"போக விடப்போறியா?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இடப்பக்கக் கதவுகளை அவள் தட்டினாள், வலப்பக்கம் நான்.

திங்கட்கிழமை பக்கத்து நகரமான ஹாலிஃபாக்ஸிலிருந்து மருந்துக்காரர் முதுகில் டப்பாவோடு வந்தபோது, புல்வெளி முழுக்க ஊர்ச்சனம். யாரோ சுவர்மேல் கேஸ் அடுப்பை வைத்துப் புட்டிங்கை வறுத்துக்கொண்டிருந்தார்கள். போகச் சொல்ல வந்த டேலிடம் எல்லோருமே முட்டி வலி என்றார்கள்.

"நீங்க பாட்டுக்கு அடிங்க" என்றார் ஹாதர்லி.

"ஆள் நிக்கிற இடத்துல அடிக்க மாட்டேங்க."

"எவ்வளவு நேரம்தான் நிப்பாங்க? மழை வந்தா ஓடிடுவாங்க."

"மழைக்கு ஓடுறவங்க இந்த ஊர்ல குடியிருக்க முடியுமா?" என்றாள் மவ்ரீன். மருந்துக்காரர் பக்கம் திரும்பி ஒரு தட்டை நீட்டினாள். "சாப்பிட்டுட்டுப் போங்க."

அவர் ஒரு வாய் தின்றார். இன்னொரு வாயும் தின்றார்.

"நல்லா இருக்குன்னு சொல்ல முடியலங்க."

"சொல்ல வேண்டாம். உள்ள போனா போதும்."

தட்டைக் காலி செய்துவிட்டு, டப்பாவை வண்டியில் ஏற்றிக் கிளம்பிவிட்டார். மதியம் மழை கொட்டியது. யாரும் நகரவில்லை. மறுநாளும் நின்றோம், அதற்கு மறுநாளும். மருந்துக்காரர் திரும்பி வரவேயில்லை. அந்த வாரம் முழுக்க ஹாதர்லியின் ஜன்னல் திரைகள் மூடியே கிடந்தன.

கடைசியில் அவர் வீட்டுக்கு முன்னால் மட்டும் புல்தரை போட்டுக்கொண்டார். எங்களைத் தடுக்கச் சுவரை ஒரு முழம் உயர்த்தினார். நாங்கள் ஏணி வாங்கினோம்.