அரை டேங்க்

ரேணுகாதேவிக்கு அந்த ஸ்கூட்டர் திங்கட்கிழமைக்குள் வேண்டும். அருப்புக்கோட்டைச் சாலையில் இருந்த துணிக் கம்பெனி ஒன்று அவளை லைன் சூப்பர்வைசராக எடுத்திருந்தது. முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. குமாரலிங்கபுரத்தில், அவள் இப்போது இருக்கும் அப்பா வீட்டுப் பக்கம், முதல் பஸ்ஸே ஏழேகாலுக்குத்தான். சொந்த வண்டி இருக்கிறதா என்று கேட்டபோது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அது மல்லாங்கிணற்றில், புருஷன் மதன்குமார் வீட்டுத் தகரக் கொட்டகையில் நின்றது. கல்யாணத்துக்கு அப்பா கருத்தப்பாண்டி சீராகக் கொடுத்த வண்டி. அதில் ஏறி வேலைக்குப் போவேன் என்று அவள் சொன்ன அன்றுதான் மதன்குமார் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அடுத்த மாதம் அவளையும் அனுப்பிவிட்டான். இரண்டரை வருஷம் ஆகிறது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி உறவைத் தீர்த்துவிட்டார்கள். கட்டிலும் பாத்திரங்களும் குட்டியானை வேனில் ஏறிவிட்டன. மிச்சம் ஸ்கூட்டர் மட்டும்.

சீர் திரும்பும்போது பெண்ணின் அப்பா தட்டிலிருந்து வெற்றிலை எடுப்பது அவர்கள் வழக்கம். எடுத்தால், எல்லாம் நல்லபடியாக வந்தது என்று அர்த்தம். மென்றுவிட்டால் அதன் பிறகு குறை சொல்லக்கூடாது. மெல்லும்வரை தட்டில் திருப்பி வைக்கலாம்.

தட்டை நீட்டியவர் ஊர்ப் பெரியவர் சின்னச்சாமி. ஒருதடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு எடுங்கள் என்று ரேணுகா அப்பாவின் காதருகே சொன்னாள். மதன்குமாருக்கு அது கேட்டுவிட்டது.

"சீர் வாங்கும்போது நாங்க என்ன ஓட்டிப் பாத்தா வாங்கினோம் மாமா?"

கூட்டம் சிரித்தது. கருத்தப்பாண்டி முகம் சுண்டிப்போனது. அந்தக் கூச்சத்தை மறைக்க, வண்டியிலேயே சொருகியிருந்த சாவியைத் திருகிச் சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பாதிவரை இருந்தது.

"பெட்ரோலோடதான் வச்சிருக்காக," என்றார் நிம்மதியாக.

ரேணுகா குனிந்து மோந்தாள். மூக்கில் ஏறும் அந்தச் சுள்ளென்ற வாடை இல்லை. மூடாமல் கிடந்த பெயிண்ட் டப்பாவின் வாடை அடித்தது. இது கெட்டுப்போயிருக்கிறது என்று அவள் சொன்னாள்.

"பெட்ரோலு என்ன மோரா ஆத்தா, புளிச்சுப் போக?" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டு, கருத்தப்பாண்டி வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அவள் புது பேட்டரி கொண்டுவந்திருந்தாள். அதை மாட்டி சுவிட்சை அழுத்தினாள். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கிக்கரை உதைத்தாள். இருபது, முப்பது உதை. சேலைக் கொசுவம் அவிழ்ந்ததை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுபடி உதைத்தாள். யாரும் எழுந்து வரவில்லை.

மதன்குமாருக்கு டூவீலர் ஒர்க்ஷாப்தான் தொழில். வாடிக்கையாளருக்கு விளக்கும் அதே பொறுமையோடு அவளுக்கும் விளக்கினான்.

"இப்ப வர்ற பெட்ரோலு காத்துல இருக்க ஈரத்தை இழுக்கும். தண்ணி அடியில போயி நின்னுரும், டேங்க் துருப்பிடிக்கும். மிச்சம் பிசினாகிக் கார்புரேட்டரை அடைச்சிரும். முழு டேங்க்கா இருந்தா காத்துக்கு எடமில்ல, கொஞ்சம் தாக்குப்பிடிச்சிருக்கும்." சற்று நிறுத்தினான். "அதான் நீ போன மறுநாளே பாதியை உறிஞ்சி எடுத்தேன். மூடியையும் இறுக்கல."

"எத்தனை நாளாகும் சரிபண்ண?"

"எங்கிட்டன்னா பத்து நாளு. டேங்க் மாத்தணும். திங்கக்கிழமைக்கு ஆகாது."

திங்கட்கிழமை அவள் வேலையில் சேரவேண்டும் என்பது, அவள் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் அப்பாவிடம் திரும்பினாள். வெற்றிலை இன்னும் அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

"அப்பா, கேட்டீகல்ல. தட்டுல வைங்க. ஓடுற வண்டியா குடுக்கட்டும். இல்லாட்டி இவுகளே வேற வண்டி தரட்டும்."

கருத்தப்பாண்டி வெற்றிலையைப் பார்த்தார். தட்டோடு நின்ற சின்னச்சாமியைப் பார்த்தார். எடுத்த வெற்றிலையைக் கருத்தப்பாண்டி வம்சத்தில் யாரும் திருப்பி வைத்ததில்லை என்று சின்னச்சாமி மெதுவாகச் சொன்னார். பொம்பளப்பிள்ளை பேச்சைக் கேட்டு வைத்தால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றும் கேட்டார்.

"வேலைக்குப் போயித்தான் நீ கஞ்சி குடிக்கணுமா?" என்றார் கருத்தப்பாண்டி மகளிடம். வெற்றிலையை வேட்டியில் துடைத்தார். காம்பைக் கிள்ளிப் போட்டு, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தார். வாயில் வைத்து மென்றார்.

சின்னச்சாமி தட்டைக் கீழே வைத்தார். நாலு பேர் ஸ்கூட்டரைத் தூக்கினார்கள். மதன்குமாரும் ஒரு கை கொடுத்தான். பெயிண்டில் கீறல் விழுந்துவிடாமல் பார்த்து ஏற்றச் சொன்னான்.

ரேணுகா வேப்பமரத்தடிக்குப் போய் கம்பெனிக்குப் போன் செய்தாள். வண்டி இல்லை, ஒரு பத்து நாள் மட்டும் பொறுக்க முடியுமா என்று கேட்டாள்.

பட்டியலில் அடுத்து ஒரு பெண் இருக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று அந்தப் பக்கம் மரியாதையாகக் கேட்டார்கள்.

குட்டியானையின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த அப்பா, நேரமாகிறது என்று கை காட்டினார். உதடு சிவந்திருந்தது.

"கூப்பிட்டுக்கங்க," என்றாள்.