தங்கை வண்டியின் கிளட்ச்

ஐந்து வாரமாக அந்தக் கார் பட்டறை மூலையில் தூசி பிடித்து நின்றது. மெக்கானிக் அதன் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவன் தங்கையின் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஏறிய வண்டி அது. தங்கைதான் ஓட்டினாள். பாதி வழியில், சிக்னலில், கிளட்ச் பெடல் உள்ளே போனது போனதுதான், மேலே வரவில்லை. கியரும் விழவில்லை. கெஞ்சிக் கூத்தாடி வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, "கால் மணி நேரம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க டாக்டர்களுக்கு யாரும் கற்றுத்தருவதில்லை.

திங்கட்கிழமை முதல் தங்கை வேலைக்குப் போகவேண்டும். அதற்கு வண்டி வேண்டும். சனிக்கிழமை காலை அவளே பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"மிதிக்க ஆள் வேணும்ல? நான் மிதிக்கிறேண்ணா."

கிளட்சின் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தால் பெடல் செத்துப்போகும். காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடவேண்டும். அவன் அட்டையை விரித்து அடியில் நகர்ந்தான்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே பிடி. ம், இப்ப விடு."

பெடல் தானாக எழவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் குனிந்து கையால் தூக்கிவிட்டாள். பத்து தடவை ஆயிற்று. குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. எங்கேயும் கசிவும் இல்லை.

"என் கால்தானேண்ணா காரணம்?" மேலேயிருந்து அவள் குரல் வந்தது. "அவர் தலதலயா அடிச்சுக்கிட்டார். கிளட்ச் என்ன, நீ கால் நீட்டுற ஸ்டூலான்னு கேப்பார். நான்தான் கேக்கல."

கடைக்கு வாங்கவேண்டிய சாமான்களைச் சொல்வதுபோல் சொன்னாள். சாவு வீட்டிலும் அவள் இப்படித்தான் இருந்தாள். அவனும் அப்படித்தான். ஊரே அழுதபோது அவன் மரக்கட்டை மாதிரி நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வண்டி எப்படிய்யா நின்னுச்சு என்று பெரியப்பா துருவித் துருவிக் கேட்டபோது, "எந்நேரமும் கிளட்ச்ல கால வெச்சே ஓட்டுனா அப்படித்தான்" என்று அவன் சொன்னது தங்கையின் காதிலும் விழுந்தது.

"பாக்கலாம்" என்று சொல்லி வெளியே வந்து, பானட்டைத் தூக்கி எண்ணெய் டப்பாவின் மூடியைத் திருகினான். உள்ளே இருந்த ரப்பர் தொப்பென்று தொங்கியது. மழையில் ஊறிய கதவைப்போல உப்பியிருந்தது. திரும்ப அழுத்தினால் அதன் இடத்தில் உட்கார மறுத்தது.

தம்ளரில் தண்ணீர் பிடித்து, டப்பாவிலிருந்து நாலு சொட்டு விட்டான். கிளட்ச் எண்ணெயாக இருந்தால் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்கவில்லை. வட்ட வட்டமாக மேலே மிதந்தது.

அவன் அலமாரிக்குப் போனான். பெரிய கேன்களிலிருந்து பழைய தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைத்துக்கொள்வது அவன் வழக்கம். கிளட்ச் எண்ணெய்க்கு ஒரு ரப்பர் பேண்ட், ஸ்டீயரிங் எண்ணெய்க்கு இரண்டு. இரண்டும் ஒரே வெளிர்மஞ்சள். பெயர் எழுதி ஒட்டச் சொன்னவர்களிடமெல்லாம், கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பேன் என்று ஜம்பம் அடித்திருக்கிறான். இப்போது இரண்டு பாட்டில்களிலும் ஒவ்வொரு ரப்பர் பேண்ட்தான் இருந்தது. இன்னொன்று எண்ணெய் பட்டு இற்று, தட்டில் துண்டாகக் கிடந்தது. அந்தச் சாவுக்கு நாலு நாள் முன்னால், பெடல் லேசாக இறங்குகிறது என்று மாப்பிள்ளை வந்து நின்றபோது, அவன்தான் பேசிக்கொண்டே ஊற்றினான்.

நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. தம்ளரைக் கொட்டிவிட்டு, ரப்பர் சாமான்களை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஒரு காக்கா குருவிக்கும் தெரியாது. பழி ஏற்கெனவே தங்கையின் காலில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. அவள் அங்கேதான், சீட்டில், இரண்டு கைகளையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

தம்ளரை எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் காட்டினான்.

"உன் கால் இல்ல. நான்தான். மாப்ள வண்டி கொண்டாந்தப்ப எண்ணெய மாத்தி ஊத்திட்டேன். உள்ள ரப்பர் எல்லாம் வீங்கிப் போய் பெடல் மாட்டிக்கிச்சு."

அவள் மிதக்கிற எண்ணெயைப் பார்த்தாள்.

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

"கால் வெச்சே ஓட்டுனா இப்படி ஆகாதா?"

"ஆகாது. கால் வெச்சா உள்ள பிளேட்தான் தேயும். பெடல் மாட்டிக்காது."

"இது உனக்கு இப்பதான் தெரியுமா?"

இருபது வருஷமாக கிளட்ச் பார்க்கிறவன் அவன்.

"இல்ல. பெரியப்பாகிட்ட சொன்ன அன்னிக்கே தெரியும்."

அவள் இறங்கினாள். கைப்பையை எடுத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"எண்ணெய மாத்தி ஊத்துனது தெரியாம செஞ்சதுண்ணா," என்றாள். "அத மட்டும் விட்டுடலாம்."

கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.