எட்டில் ஒரு பங்கு

விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் செய்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அச்சு என்றால் ஸ்தனிஸ்லாஸ் பட்டறை என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்தனிஸ்லாஸ் நான்தான். நானே சொல்லிக்கொள்வது அவ்வளவு அழகில்லை. ஆனால் இந்தக் கதையை என் மனைவி லிசாவிடம் விட்டால் என்னை இன்னும் கேவலமாகச் சொல்வாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக ஃப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, கிறிஸ்துமஸ் குடில் பொம்மை என்று எத்தனையோ அச்சு எடுத்திருக்கிறேன். ஒன்றுகூட அளவு தப்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரால்தான் ஒரு டாக்டரம்மாவின் வெளிநாட்டுப் பயணமே கெட்டுப்போகப் பார்த்தது.

டாக்டரம்மா பெயர் நீலாவதி. நல்லூர்ப் பக்கம் மணிலாக்கொட்டை பயிர் செய்கிற குடும்பத்துப் பெண். இங்கே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் டாக்டர். எங்கள் பட்டறை செந்தமிழனின் சுண்டுவிரல் மண் அரைக்கிற மெஷினில் மாட்டி உடைந்தபோது, மெல்லிசான கம்பி இரண்டைச் செருகி அதை நிமிர்த்தி வைத்தவர் அவர்தான். பிறகு ஒருநாள் அவன் எப்படி வேலை செய்கிறான் என்று பார்க்கப் பட்டறைக்கே வந்துவிட்டார். ஆஸ்பத்திரியைத் தாண்டி நோயாளியைத் தேடி வந்த டாக்டரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வந்தவர் செந்தமிழனின் விரலைப் பார்த்த கையோடு எங்கள் வேலையையும் பார்த்தார். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. அச்சுக்குள் மண்கரைசலை ஊற்றுவோம். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, மண் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு தடிக்கும். போதுமான தடிப்பு வந்ததும் மிச்சக் கரைசலைக் கவிழ்த்துவிடுவோம். வெளியே கெட்டியான ஓடு, உள்ளே காலி. லிசா சூளையில் முதல் சூடு போட்டு எடுத்து வைத்திருந்த ஒரு துண்டை டாக்டரம்மா எடுத்து, அங்கிருந்த ட்ரில்லால் ஒரு ஓட்டை போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொன்று. முகமே மாறிவிட்டது.

"எலும்பு மாதிரியே இருக்குதுண்ணே" என்றார்.

விரல் எலும்பும் அப்படித்தானாம். வெளியே கெட்டிச் சுவர், நடுவில் சோறு போல மெத்தென்று, மறுபடி ஒரு சுவர். கம்பி முதல் சுவரைத் தாண்டி, இரண்டாவது சுவரைப் பிடித்ததும் நிற்க வேண்டும். அதையும் தாண்டினால் நரம்பு போய்விடும். இதைக் கையால்தான் உணர முடியும், படித்து வராது. பழகுவதற்கென்று வெளிநாட்டில் பிளாஸ்டிக் எலும்பு விற்கிறார்கள், விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் இவரிடம் பயிற்சிக்கு வருகிற சின்ன டாக்டர்கள் பிரியாணிக் கடையில் கோழிக்கால் எலும்பு வாங்கி வந்து பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்கவே பகீரென்றது. செந்தமிழனின் விரலும் ஏதோ ஒரு கோழியின் புண்ணியத்தில்தான் பிழைத்திருக்கிறது.

மூன்று மாதம் கழித்து ஒரு கடிதத்தோடு வந்தார். கை அறுவை மருத்துவர்களின் சர்வதேச மாநாடு, லிஸ்பனில். ஏழை நாட்டு இளம் டாக்டர்களுக்கென்று அவர்கள் ஒரு பயண உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். விமான டிக்கெட், தங்குமிடம், மாநாட்டுக் கட்டணம் எல்லாம் அதில் அடக்கம். கை நசுங்குவதெல்லாம் இங்கே, கையைப் பற்றிக் கூடிப் பேசுவதெல்லாம் அங்கே என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அது சிரிப்பில்லை. மூன்று வருஷம் எழுதிப் போட்டு, இந்த முறைதான் கிடைத்திருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தருவார்கள். அவருக்கு வருகிற ஆவணியோடு முப்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அடுத்தது கிடையாது.

இந்த முறை அவர் எழுதிப் போட்டது, எங்கள் மண்ணில் எலும்பு செய்து பழகலாம் என்பதைப் பற்றி; அதை அங்கே செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. அரைமணி நேரம் அவருக்கு ஒரு மேஜை ஒதுக்குவார்கள். பன்னிரண்டு வெளிநாட்டு டாக்டர்கள் உட்கார்ந்து மண் எலும்பில் ட்ரில் போட்டுப் பார்ப்பார்கள். மேஜையில் வைக்க எலும்பு இல்லையென்றால், வாய்ப்பு பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். மாதிரிக்குச் சென்னையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் எலும்பை இரவல் வாங்கி வந்திருந்தார். நாற்பது எலும்பு வேண்டும் என்றார். லிஸ்பன் இருப்பது போர்ச்சுகலில், பாத்திமா மாதா இருக்கிற நாடு என்று தெரிந்ததும், ஒரு ஜெபமாலை வாங்கிவரச் சொல்லி லிசா அப்போதே கேட்டுக்கொண்டாள்.

நான் முழு மூச்சாக இறங்கினேன். அந்தப் பிளாஸ்டிக் எலும்பைப் பார்த்து மாதிரி செதுக்கி, அச்சு எடுத்து, ஊற்றி, காயவைத்தேன். லிசா முதல் சூடு போட்டு இறக்கினாள். நாற்பதும் வெள்ளை வெளேரென்று வந்தன. விமானத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

டாக்டரம்மா வந்தார். ஒன்றைக் கையில் எடுத்தார், புருவத்தைச் சுருக்கினார், பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தார். இன்னொன்றை அளந்தார்.

"பெருசா இருக்குதுண்ணே" என்றார் மெதுவாக. "எங்க கம்பிக்கு இது ஒத்து வராது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செந்தமிழன் பார்த்துக்கொண்டிருக்கிறான், லிசா பார்த்துக்கொண்டிருக்கிறாள். "அளவ எனக்கு சொல்லிக் குடுக்காதீங்க டாக்டரம்மா. நீங்க குடுத்த மாதிரிதான் தப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.  அவர் மேஜையில் கிடந்தவற்றில் ஒரு கை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நின்றேன்.

சாப்பிடும்போது லிசா சாவகாசமாகக் கேட்டாள். "ஏங்க, சுருக்கத்துக்கு வுட்டீங்களா?"

வுடாமல்? பச்சை மண் முழுச்சூட்டில் நன்றாகச் சுருங்கும். அதனால் எந்தச் சாமானாக இருந்தாலும் மாதிரியை எட்டில் ஒரு பங்கு பெரிதாகச் செதுக்க வேண்டும். இந்தத் தொழிலில் கால் வைத்த முதல் நாள் படிக்கிற பாடம் அது.

"ஆனா இது முதல் சூட்டோட நின்னுடுச்சே" என்றாள். "முழுச்சூடு நான் போடவே இல்லியே."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். முதல் சூட்டில் மண் அவ்வளவாகச் சுருங்காது. சுருங்காத மண்ணுக்குச் சுருக்கம் விட்டிருக்கிறேன். இப்போது முழுச்சூடு போட்டால் அளவுக்கு வரும், ஆனால் கல்லாகிவிடும், ட்ரில் இறங்காது. தொழில் தெரியாத ஒருவன் அந்தப் பிளாஸ்டிக் எலும்பின் மேலேயே நேராக அச்சு எடுத்திருந்தால் ஏறக்குறைய சரியாக வந்திருக்கும். தொழில் தெரிந்ததால் கெடுத்தேன். அவமானம் தாங்காமல் பட்டறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்தேன். மிச்சமிருந்த எலும்பு, அச்சு, செதுக்கிய மாதிரி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் நொறுக்கினேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். வேறு எப்படி அவரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. என் முறை வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் நிமிராமலே என்ன செய்கிறது என்று கேட்டார்.

"தப்பு செஞ்சிட்டேன் டாக்டரம்மா. உங்க மாதிரி சரியாத்தான் இருந்துது. நான்தான் தப்பு."

நிமிர்ந்து பார்த்தார். சுருக்கம் விட்ட கதையைச் சொன்னேன். எனக்குப் பின்னால் முதுகுவலிக்காரர் ஒருவர் அவ்வளவையும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லண்ணே" என்றார். முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. "எத்தனை நாள்ல சரி பண்ணுவீங்க?"

எட்டு நாள் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆனால் செய்தேன். காயும்போது மண் துளி குறையுமே, அதற்காகப் பிளாஸ்டிக் எலும்பின் மேல் மெழுகு ஒரு பூச்சு மட்டும் கொடுத்து, அதன் மேலேயே அச்சு எடுத்தேன். வைகாசி வெயிலை வாழ்நாளில் முதன்முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டேன். நான்கு நாளில் காய வேண்டிய அச்சு இரண்டே நாளில் காய்ந்தது. செந்தமிழன் அந்தச் சுண்டுவிரலோடேயே ஊற்றினான், கவிழ்த்தான். லிசா சூளையை விட்டு நகரவில்லை. எட்டாம் நாள் மதியம் நாற்பது எலும்பையும் டாக்டரம்மா மேஜையில் வைத்தேன். வெர்னியரை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அது போதும்.

மாநாட்டில் அவருடைய நேரம் அங்கே காலை பத்து மணி, நமக்குப் பிற்பகல் இரண்டரை. மாநாட்டுக்காரர்கள் செல்போனில் நேரடியாகக் காட்டினார்கள். பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டு, போனை ஒரு அச்சின் மேல் சாய்த்து வைத்து எல்லாரும் குந்திக்கொண்டோம். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. லிசா கான்வென்ட்டில் படித்தவள், அவள் கேட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

டாக்டரம்மா கத்தரிப்பூ நிறத்தில் புடவை கட்டியிருந்தார். மேஜையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். அவர்களில் தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா முதலில் ட்ரில்லை எடுத்தார். பெரிய ஆள் போலிருக்கிறது, மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். காதைச் சாய்த்துக்கொண்டு ட்ரில்லை இறக்கினார். முதல் சுவர். கை லேசாக இறங்கியது. இரண்டாவது சுவர். நிறுத்தினார். மறுபடி ஒரு எலும்பை எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு ஏதோ கேட்டார்.

"எந்த நாட்டுக் கம்பெனி செஞ்சுதுன்னு கேக்கறாங்க" என்றாள் லிசா. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்த நேரத்தில்தான் டாக்டரம்மா குனிந்து, பையிலிருந்து இன்னொரு எலும்பை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். பெரிய எலும்பு. நான் நொறுக்கியதாக நினைத்துக்கொண்டிருந்த தப்பு. அன்று அவர் ஒரு கை அள்ளிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் சொன்ன சொல்லுக்குப் பழிவாங்க இத்தனை தூரம் சுமந்துபோயிருக்கிறாரே, உலகமே பார்க்கும்போது இப்படியா என்று கொதித்தேன். 

"என்னா சொல்றாங்க, சொல்லு" என்று லிசாவை உலுக்கினேன்.

"கொஞ்சம் இருங்க, கேக்க வுடுங்க."

போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். கோபத்தோடு எடுத்துப்போன பெரிய எலும்புகளை வீணாக்க மனமில்லாமல், டாக்டரம்மா தன்னிடம் பயிற்சியில் இருந்த எட்டுப் பேரில் நான்கு பேருக்குக் கொஞ்சம் தடித்த கம்பியோடு கொடுத்திருக்கிறார். மற்ற நான்கு பேருக்கு வழக்கம்போலக் கோழி எலும்பு. கிளம்புவதற்கு முதல்நாள் எட்டுப் பேருக்கும் சரியான அளவு எலும்பைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். கோழியில் பழகியவர்களில் மூன்று பேர் இரண்டாவது சுவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். பெரிய எலும்பில் பழகிய நான்கு பேரும் நின்றார்கள். பெரிதில் கை உணர்ந்துகொண்டதைச் சிறிதிலும் அது மறக்கவில்லை. இதையெல்லாம் அங்கே சொல்லிவிட்டு டாக்டரம்மா, எட்டுப் பேரை வைத்து முடிவு கட்ட முடியாது, உங்கள் ஊரிலும் செய்து பாருங்கள், ஆனால் முதலில் பெரியது, அப்புறம் சிறியது என்றாராம். இப்படிச் சொல்லித்தர எனக்குத் தோன்றியிருக்காது, இதைத் தந்தவர் இவர்தான் என்று சொல்லித் திரையில் இருந்த ஒரு பெயரைச் சுட்டிக் காட்டினார்.

இங்கிலீஷ் ஓடாவிட்டாலும் என் பெயரை எனக்குப் படிக்கத் தெரியும். டாக்டரம்மா பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது, அடியில் விருத்தாசலம். அந்த நரைத்த அம்மா அதை வாய்விட்டுப் படித்தார். ஊரில் எல்லாரும் என்னைத் தானிஸ் என்பார்கள், பங்குச் சாமியார் மட்டும்தான் முழுசாகச் சொல்வார். அவரைவிடச் சுத்தமாகச் சொன்னார் அந்த அம்மா. பிறகு அங்கே எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இங்கே செந்தமிழன் தட்டிய தட்டில் போன் கவிழ்ந்துவிட்டது. நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா வந்து லிசாவின் கையில் ஜெபமாலையைக் கொடுத்தார். இனி அவர் அந்த உதவித்தொகைக்கு எழுதிப் போட முடியாது. அடுத்த வருஷம் யார் யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கிற குழுவில் உட்காரச் சொல்லி அவரையே கேட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு பட்டியலை நீட்டினார். நேபாளம், கென்யா, பொலிவியா என்று பதினோரு ஆஸ்பத்திரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவு எலும்பு.

"பெரிய எலும்போட அச்சு பத்திரமா இருக்குதில்லண்ணே?" என்று கேட்டார்.

நான் சுத்தியல் கிடந்த மூலையைப் பார்த்தேன். லிசா என்னைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா இங்கதான் இருக்காங்க. சுருக்கத்துக்கு வுடணுமா வேணாமான்னு இப்பவே கேட்டுக்கங்க" என்றாள்.

சாயங்காலமே மாதிரி செதுக்க உட்கார்ந்தேன். வெர்னியர் வைத்து மூன்று தடவை அளந்தேன். எட்டில் ஒரு பங்கு பெரியது. இருபத்திரண்டு வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பை, மயிரிழைகூடப் பிசகாமல் மறுபடியும் செய்தேன்.