மடக்கு ஏணிச் சங்கிலி

இரும்பை அறுத்தால் வெட்டு வெட்டாகவே இருக்கும். இது வாயைத் திறந்தது.

பைப்காரர் கட்டரை நிறுத்திவிட்டுக் குழிக்குள் குனிந்தார். கழிவறைக் குழாய் போடத் தரையை உடைத்தபோது குறுக்கே வந்த கம்பி, அவர் மணிக்கட்டுப் பருமன். எந்தக் காலத்து வேண்டாத இரும்போ என்று பாதி அறுத்தாயிற்று. கட்டரை எடுத்த பிறகும் வெட்டு தானாக விரிந்துகொண்டிருந்தது. நகம் நுழையாத இடத்தில் இப்போது விரல் நுனி நுழைந்தது.

நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் பட்டது அவருடைய மடக்கு ஏணி. கால்கள் இரண்டும் அகன்று வழுக்கிவிடாமல் நடுவில் ஒரு சங்கிலி. அப்புறம்தான் கூரையைப் பார்த்தார்.

ஊரே மெச்சிய கூரை அது. நாற்பது வருஷத்துக்கு முன் பேருந்து நிலையமாகக் கட்டியபோது, ஒரு தூண்கூட இல்லாமல் இத்தனை பெரிய கான்கிரீட் வளைவு எப்படி நிற்கிறது என்று பார்க்கவே ஜனம் பேருந்து ஏறி வந்தது. முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. பேருந்துகள் வேறிடம் போனதும் மூட்டை அடுக்கினார்கள். கொஞ்ச நாள் பூப்பந்து ஆடினார்கள். இப்போது நாற்பது தையல் மெஷின். அந்த வளைவு இரண்டு பக்கமும் தரையில் காலூன்றிய இடங்களைப் பார்த்தார். அந்தக் கால்களைப் பிடித்து வைத்திருந்த சங்கிலியைத்தான் அறுத்துவிட்டோம் என்று புரிந்தது.

மூன்றாவது வரிசையில் அவர் மனைவி சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

மேலாளரிடம் ஓடினார். எந்நேரமும் மணி பார்ப்பதால் முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

"சார், எல்லாரையும் வெளிய அனுப்புங்க. கூரை விழுந்துரும். கம்பிய அறுத்துட்டேன்."

"தரையில இருக்கிற கம்பிய அறுத்தா கூரை ஏன்யா விழுது? செருப்பு வார் அறுந்தா தொப்பி விழுமா?"

பக்கத்து மெஷின்களில் சிரிப்பு.

"அந்த ஏணியப் பாருங்க சார், அந்தச் சங்கிலி..."

"ஒரு மணி நேரத்துல லாரி வருது. நாப்பது வருஷம் நின்னது அதுவரைக்கும் நிக்காதா? போய்க் குழாயப் போடு."

மனைவியிடம் வந்து நின்றார்.

"என்னங்க, மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருக்கு?"

சொன்னார். அவள் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பக்கவாட்டு இரும்புக் கதவைக் காட்டினாள். "நான்தான் காலையில இடுக்கில்லாம சாத்தினேன். இப்பப் பாருங்க, மேல வெளிச்சம் தெரியுது."

"இவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"கூரைன்னு சொன்னா ஒருத்தியும் எந்திரிக்க மாட்டா. காதுல வாங்காதவளுங்க."

சட்டென்று ஸ்டூல் மேல் ஏறினாள். "பாம்பு! பாம்பு! குழிக்குள்ளருந்து வருது! ஐயோ, என் கை பருமன் இருக்கு!"

நாற்பது மெஷினும் ஒன்றாய் நின்றன. எமனே வந்தாலும் இடத்தை விட்டு நகரமாட்டேன் என்று நேற்றுதான் பெருமையடித்த, பொத்தான் துளை போடும் காஜாக்காரம்மா முதல் ஆளாய் வாசலைத் தாண்டினாள்.

வெளியே மனைவி தலையெண்ணினாள். "எல்லாரும் வந்தாச்சு. கடிகாரம் எங்கங்க?"

கடிகாரம் உள்ளே மேஜைக்கடியில் கம்பால் தட்டிக்கொண்டிருந்தார். "ஒரு பாம்புக்கு லாரிய நிறுத்துவேனா?"

பைப்காரர் வாசலுக்கு நகர்ந்தார். மனைவி சட்டையைப் பிடித்தாள்.

"நான் சொன்ன பொய்ங்க. நான் போறேன்."

"நான் அறுத்த கம்பி. விடு."

மெஷின் சத்தம் ஓய்ந்த கூடத்தில் இப்போதுதான் கூரையின் சத்தம் கேட்டது. உச்சியில் யாரோ அப்பளம் நொறுக்குவது மாதிரி. தைத்து வைத்த கறுப்புக் காலர்கள் மேல் வெள்ளைத் தூசி பவுடராய் இறங்கியது. பைப்காரர் மேஜையை நோக்கி நடந்தார்.

"சார், கத்தாதீங்க. குழிக்குள்ள பாருங்க."

கடிகாரம் கம்பை ஓங்கிக்கொண்டு குனிந்தார். வெட்டு மூன்று விரல் அகலம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த இரும்பு, பார்க்கப் பார்க்க, பிசைந்த மாவாய் இழுபட்டு மெலிந்தது.

ஓங்கிய கம்பு இறங்கிற்று. "இது... தானாவா?"

"தானாத்தான் சார்."

"இப்ப என்னய்யா பண்றது?"

"செருப்பக் கழட்டுங்க. அடிமேல அடி வச்சு வாங்க."

அதனால் என்ன பிரயோஜனம் என்று அவருக்கே தெரியாது. ஆனால் கடிகாரம் மறுபேச்சில்லாமல் கழற்றினார், அவர் கையையும் பிடித்துக்கொண்டார். பாதி தூரம் வந்திருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் ணங்ங் என்று ஒரே அறை. காலடியில் தரை துள்ளியது. அப்புறம் அடியாவது, மெதுவாவது! வாசலில் வந்து விழுந்தபோது சன்னல் கண்ணாடிகள் இந்தக் கோடியிலிருந்து வரிசையாக வெடித்துக்கொண்டே போயின. கூரையின் நடுவில் ஒரு ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. அதோடு நின்றது. எதன் பிடியில் நிற்கிறது, எத்தனை நேரம் நிற்கும், யாருக்குத் தெரியும்?

காஜாக்காரம்மாதான் மெதுவாய்க் கேட்டாள், "சார், பாம்பப் பாத்தீங்களா?"

வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருந்த கடிகாரம் தலையசைத்தார்.

"எவ்வளவு நீளம் சார்?"

"இந்தச் சுவத்துலருந்து அந்தச் சுவர் வரைக்கும், அம்மா."

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது. அவர் மணி பார்க்கவில்லை. எழுந்து, இரண்டு கைகளையும் விரித்தபடி, அதை மறிக்க வெறுங்காலோடு ஓடினார்.

பைப்காரரின் சட்டையை மனைவி மறுபடியும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை விடவில்லை.