லைட்டைத் தட்டினால் ஓடி வருபவன்

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் முதலில் முட்டிதான் வலிக்கும். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் நாங்கள் உட்கார வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்த வலிகூடத் தெரியவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

என் மகன் இரண்டு வயதிலிருந்து அங்கேதான் இருக்கிறான். நான் வைத்த செல்லப்பெயர் பட்டாணி. அவனுடைய மிஸ்ஸும் அப்படித்தான் கூப்பிடுவார். அந்த மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம். இத்தனை வாண்டுகளைக் கத்திக் கூப்பிட்டால் தொண்டை என்னத்துக்கு ஆகும் என்று லைட் சுவிட்சை இரண்டு தட்டுத் தட்டுவார். விளக்கு அணைந்து எரிந்ததும் எல்லாரும் வந்து வட்டமாக உட்கார வேண்டும். முதல் ஆளாக ஓடி வருவது என் பட்டாணிதான். மத்தியானத் தூக்கத்திலும் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்துப் பாயில் ஒன்று வீல் வீல் என்று அலறினாலும் அசைய மாட்டான்.

"இவனை மாதிரி பத்துப் பேர் இருந்தா நான் நூறு வருஷம் வேலை பாப்பேங்க" என்பார் மிஸ். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். இன்னும் பேச்சு வரலையே என்று கேட்டால், "ஆம்பளைப் பிள்ளைங்க கொஞ்சம் லேட்டாத்தான் பேசும்" என்பார். என் மாமியாரும் அதையேதான் சொன்னார். அப்பாடா என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு நாள் கரண்ட் போனது. மிஸ் கையைத் தட்டிக் கூப்பிட்டார். எல்லாரும் வந்தார்கள். இவன் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். மிஸ் அவன் பின்னால் போய் நின்று கை தட்டினார். அதட்டினார். கடைசியில் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தார். அதற்கும் அவன் திரும்பவில்லை. சாயங்காலம் அதை என்னிடம் சொல்லும்போது அவருக்கு வாய் குழறியது.

காது டாக்டர் நல்ல மனுஷர். "ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா இந்நேரம் வாய் ஓயாம பேசிட்டு இருப்பாம்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

கூட்டத்துக்கு முந்தின நாள்தான் காதில் மெஷின் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் "பட்டாணி" என்றேன். திரும்பினான். நானும் அவன் அப்பாவும் ஓவென்று அழுதுவிட்டோம்.

கூட்டத்தில் மிஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பார்வையிலோ காதிலோ பேச்சிலோ ஒரு பிள்ளை பின்தங்கினால் ஆரம்பத்திலேயே கண்டுகொண்டு கைகொடுக்கச் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று இருக்கிறதாம். டீச்சர்கள் எல்லாரும் போக வேண்டும். அதற்காக இரண்டு சனிக்கிழமை காப்பகத்தை மூட வேண்டும்.

"நீங்க என்ன டாக்டரா? அதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துப்பாங்க" என்றார் காப்பகத்தின் ஓனரம்மா.

"டாக்டர் இல்லைங்க. ஆனா எந்தப் பிள்ளையை டாக்டர்கிட்ட அனுப்பணும்னு தெரியணும்ல? சமத்து, சமத்துன்னு கொஞ்சியே நான் ரெண்டு வருஷத்தைக் கோட்டை விட்டுட்டேங்க." என்றார் மிஸ்.

டை கட்டிய அப்பா ஒருவர் எழுந்தார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. "சனிக்கிழமை மூடினா என் பிள்ளைய எங்க விடுறது? ஆபீசுக்கா தூக்கிட்டுப் போறது?"

எனக்கு வந்ததே கோபம்! "தூக்கிட்டுப் போங்க சார்! ரெண்டே ரெண்டு சனிக்கிழமை. என் பிள்ளைக்குப் போன ரெண்டு வருஷத்தை நான் எங்க போய்த் தேடுறது? உங்க வீட்டுல ஒண்ணு சமத்தா தூங்குதா? முதல்ல போய் அதோட காதைப் பாருங்க!"

அவர் நாற்காலியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓனரம்மா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "சரி, மூடித் தொலைப்போம்" என்றார்.

கலைந்து போகும்போது மிஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மேல கோபம் இல்லைன்னு என்னால சொல்ல முடியலை மிஸ்."

"சொல்லாதீங்கம்மா" என்றார்.

அறையின் மறுகோடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பட்டாணியைக் கூப்பிட மிஸ்ஸின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "பட்டாணி! அம்மா கிளம்புறாங்க, வா!" என்று குரல் கொடுத்தார்.

அவனுக்குக் கேட்டது. உடனே தலையை நிமிர்த்தினான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அவன் எழுந்து வரவில்லை. இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். முந்தின நாள் என் குரலுக்குத் திரும்பியவன், குழாயில் தண்ணீர் சொட்டியதற்கும் அப்படித்தான் திரும்பினான். அவனுக்கு எல்லாமே வெறும் சத்தம்தான். அழுத அழுகையில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

"பட்டாணி!" என்று மிஸ் மறுபடியும் கூப்பிட்டார்.

அவன் பக்கத்தில் இருந்த சிறுமியின் தோளைத் தொட்டான். உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், போ என்பதுபோல மிஸ்ஸைக் கைகாட்டினான்.