கிட்டே போய் எடுத்த படம்

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே முதுகை ஒட்டிக்கொண்டு நின்றும் பிரம்மியால் அறையை முழுதாகக் காமிராவுக்குள் கொண்டுவர முடியவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த நைனாவின் கால் வந்தால் அம்மா வரவில்லை. அம்மா வந்தால் கதவோரம் நின்ற அண்ணன் வரவில்லை. லென்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அகலமாக வாங்கும் இருபத்துநாலு எம்எம் லென்ஸை எடுத்து மாட்டினாள்.

“ஃப்ளாஷ் போட்டுடாத,” என்றாள் அம்மா ராஜமதி. “கண்ணு கூசுதுன்றாரு.”

“இதுக்கு ஃப்ளாஷே வேணாம்மா. ஜன்னல் வெளிச்சம் போதும்.”

கல்யாண வேலைக்கென்று போன தை மாதம் வாங்கிய லென்ஸ் அது. ஓமப்புகை மூடிய மண்டபத்திலும் விளக்கில்லாமல் எடுக்கலாம். குறுகலான அறையில் பத்துப் பேரை அடக்கலாம். ஆனால் ஜூம் கிடையாது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் நடந்துபோய் ஒரு முழ தூரத்தில் நிற்க வேண்டும். ஓரத்தில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் இழுபட்டுத் தெரிவார்கள்.

படம் கேட்டது நைனாதான். செஞ்சி பஜாரில் நாற்பது வருடம் பாத்திரக்கடை நடத்திய சம்பவநாதன், எதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிற ஆள். காலையில் மகளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: “அஞ்சலி பேனருக்கு ஆதார் கார்டு போட்டோவ குடுத்துடாத. அதுல திருடன் மாதிரி இருக்குறேன். அபி வரட்டும், எல்லாருமா இருக்கற மாதிரி ஒண்ணு எடு.”

மூன்று வருடமாக அவருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. விடியற்காலை நாலு மணிக்கு வண்டி வரும். பாண்டிச்சேரி போய்த் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். குடிக்கிற தண்ணீருக்குக்கூட அளவு. போன வாரம் செவ்வாய்க்கிழமை ஊசி குத்த வந்த நர்ஸிடம் கையை நீட்டாமல், “போதும்மா, இதோட வுட்டுடலாம்,” என்று சொல்லிவிட்டார். டாக்டர் அவரோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். பிறகு பிரம்மியைக் கூப்பிட்டு, “தெளிவாத்தான் சொல்றாரு. இனிமே அவர் எதைக் கேட்டாலும் குடுங்க,” என்றார். காகிதத்தில் நைனா போட்ட கையெழுத்துக்குக் கீழே, குடும்பத்தினர் என்ற இடத்தில் பிரம்மி போட்டாள்.

சென்னையில் இருந்த அண்ணன் அபிநந்தன் அன்று மாலையே போன் செய்தான். “நீ கையெழுத்து போட்டு நைனாவக் கொல்ற,” என்றான். எட்டு நாளாக அந்த வார்த்தை அவளோடு எழுந்து அவளோடு படுத்தது. இன்று புதன்கிழமை மத்தியானம் அவன் காரோடு வந்து இறங்கியிருந்தான்.

“அண்ணா, கொஞ்சம் உள்ள வா.”

“நான் வேணாம். நீ எடு.”

அவள் எடுத்தாள். நைனா கையை நீட்டினார். காமிராவைக் கொண்டுபோய் அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தார். திடீரென்று அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று.

“இன்னாடா அபி, ஒன் கை மூணு மொழம் நீளத்துக்கு இருக்குது?”

“ஓரத்துல நின்னா அப்டித்தான் வுழும் நைனா,” என்றாள் பிரம்மி.

“அப்ப உள்ள வாயேண்டா. ஏன் அங்கயே நிக்கற?”

அபிநந்தன் வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தான். அம்மா முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நைனா, கார் வெளியதான் நிக்குது. சென்னைல பெட்டுக்குச் சொல்லி வச்சிட்டேன். ஒரே ஒரு தடவ வந்து பாருங்க.”

“நானூறு தடவைக்கு மேல ஆயிடுச்சுடா.”

“அவ பேச்சக் கேட்டுக்கினு…”

“அவ இன்னா சொன்னா? அழுதா. நான்தான் அதட்டி கையெழுத்து வாங்குனேன்.” நைனா மூச்சு வாங்கினார். “ஜைனரா பொறந்துட்டு, மாத்திரைக்காக மூணு வருசமா பொழுது போயும் தண்ணி குடிச்சேன். எங்கப்பா காலத்துலேர்ந்து நம்ம வூட்ல யாரும் பண்ணாதது. இந்த ஒரு வாரமாத்தான் வெளக்கு வச்சப்புறம் வாய்ல எதுவும் படல. எவ்ளோ நிம்மதியா இருக்குது தெரியுமா?”

மேலே மின்விசிறி கட்டக் கட்டக்கென்று சுற்றியது.

“இப்ப எனக்கு இன்னா வேணும்னா,” என்றார் நைனா, “ஒரு எளநி. குடிச்சே மூணு வருசம் ஆவுது.”

“எளநி ஆகாதே நைனா. அதுல பொட்டாசியம்…” என்று தொடங்கிய அபிநந்தன் நிறுத்திக்கொண்டான். அம்மாவைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டானோ என்று பிரம்மி காமிராவைக் கீழே வைத்தாள். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தெரு முனை வரை யாருமில்லை. ராஜகிரி மலைக்கு மேல் வெயில் மஞ்சளாகியிருந்தது. இன்னும் அரைமணி நேரம்தான். பொழுது போய்விட்டால் நைனா வாயைத் திறக்க மாட்டார்.

கார் திரும்பி வந்தது. அபிநந்தன் கையில் இரண்டு இளநீர், மேலே சீவி, ஸ்ட்ராவோடு. சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. “திண்டிவனம் ரோடு வரைக்கும் போனேன். பஜார்ல தீந்துடுச்சாம்,” என்றான் பொதுவாக.

தகப்பனின் பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தி, ஸ்ட்ராவை உதட்டில் வைத்தான். பிரம்மி காமிராவை எடுத்தாள். அறை இருட்டத் தொடங்கியிருந்தது. லென்ஸின் கண்ணை முழுதாகத் திறந்துவைத்து நெருங்கினாள். ஒரு முழம். அதற்கும் கிட்டே. இத்தனை வயதில் நைனாவின் முகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததில்லை; அவர் அடித்ததும் இல்லை, ஆனாலும் இரண்டடி தள்ளி நின்றே பேசிப் பழக்கம். இமையோர மச்சம், சவரம் செய்த தாடையில் விட்டுப்போன நாலு வெள்ளை முடி, இளநீர் உள்ளே இறங்க இறங்க விரிகிற கண். அந்தக் கண்ணும், காயைப் பிடித்திருந்த அண்ணனின் கட்டை விரலும் மட்டும் துல்லியமாக இருந்தன. அழுத்தினாள்.

நாலு வாய் குடித்தார். ஐந்தாவதை வாயில் வைத்திருந்து மெதுவாக விழுங்கினார்.

“நல்ல காய்டா,” என்றார். வாய் கொப்பளித்துவிட்டு, இனி விடியும்வரை ஒன்றுமில்லை என்று கைகளைக் கூப்பினார்.

மறுநாள் பொழுது விடிந்த பிறகுதான் அது நடந்தது. அம்மா குடத்தில் துணி கட்டிக் குடிதண்ணீர் வடித்து வைத்துவிட்டு வந்து அவர் முகத்தைத் துடைத்தாள். மூச்சு விட்டு விட்டு வந்தது. அபிநந்தன் பாதங்களைப் பிடித்துக்கொண்டான். அம்மா காதருகே குனிந்து பஞ்ச நமஸ்கார மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினாள், அவசரமே இல்லாமல். மூன்றாவது முறை சொல்லி முடிப்பதற்குள் மார்பு ஏறவில்லை.

மணி ஆறு நாற்பது. வியாழக்கிழமை. மற்ற வியாழக்கிழமைகளில் இந்நேரம் பாண்டிச்சேரியில் அவர் கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும். பிரம்மி அந்த இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசிக்காக ஆபரேஷன் செய்து புடைத்துப்போன நரம்பு, மூன்று வருடமாக எந்நேரமும் வண்டு போலத் தோலுக்கடியில் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அடங்கியிருந்தது. தன் தோள்கள் தாமாகக் கீழே இறங்குவதை உணர்ந்தாள்.

எட்டு மணிக்கு பேனர் கடை வீரமணி போன் செய்தான். “அக்கா, நீங்க அனுப்புன படத்துல மூஞ்ச மட்டும் கட் பண்ணிக்கறேன். ஸ்ட்ராவ எடுத்துடவா?”

பிரம்மி அண்ணனைப் பார்த்தாள்.

“இருக்கட்டும்னு சொல்லு,” என்றான்.

பத்து மணிக்கெல்லாம் பந்தலில் நாற்காலி நிறைந்துவிட்டது. தொண்டூரிலிருந்து வந்திருந்த தரணேந்திரன் மாமா, அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, மோர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அபிநந்தனிடம் கேட்டார். “டயாலிசிஸ நிறுத்திட்டீங்களாமே? இன்னும் ரெண்டு வருசம் ஓட்டிருக்கலாமே. யாரு கையெழுத்து போட்டது?”

தண்ணீர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு வந்த பிரம்மி அப்படியே நின்றாள்.

“நாங்கதான் மாமா,” என்றான் அபிநந்தன். “நானும் பிரம்மியும். நைனா போதும்னாரு.”

“அப்டியா,” என்றார் மாமா. மோரைக் குடித்தார்.

அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் கையிலிருந்து பாதி பாட்டில்களை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

இரண்டு மணிக்கு உடலை எடுத்தார்கள். வீட்டைக் கழுவி விட்டு, குளித்து, தலை ஈரத்தோடு பிரம்மி உட்கார்ந்திருந்தபோது அபிநந்தன் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். எதிர்வீட்டு அன்புக்கரசி கொண்டுவந்து வைத்த சாதத்தைப் பொழுது இருக்கும்போதே பிசைந்து சாப்பிட்டார்கள். ரசம் நன்றாக இருந்தது. அவன் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டான். அவளும்.

“அம்மாவுக்கு?”

அவள் கண்ணால் காட்டினாள். ராஜமதி ஈரம் காய்ந்த சிமெண்டுத் தரையில் பாய்கூட விரிக்காமல் கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்து, சன்னமாகக் குறட்டை வந்தது.

சாய்ந்த வெயில் அவள் பாதங்கள் வரை வந்திருந்தது. பிரம்மி எச்சில் கையோடு எழுந்து, சத்தம் வராமல், முழங்கையால் ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினாள்.